கோல்ஃப் டிரைவர் எடுப்பது எப்படி: தூரமா, நேரா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொரு ரவுண்டும் ஒரு பயணம். கோயம்புத்தூர் செட்டிபாளையம் மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் விடியற்காலை நாலு மணிக்கே வண்டியை எடுத்து சங்ககிரி, பவானி, பெருந்துறை என்று 160 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், பெங்களூரு என்றால் 200. அவ்வளவு தூரம் போய் முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், நின்று அடிக்கிற பந்து வலது பக்க வேலிக்கு வெளியே போனால் மனசுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு வருஷம் முழுக்க எனக்கு அப்படித்தான் நடந்தது. காரணம் நான் வாங்கிய டிரைவர், அதாவது முதல் அடிக்கு எடுக்கிற நீளமான மட்டை. 9 டிகிரி லாஃப்ட் (பந்தில் படுகிற முகத்தின் சாய்வு), விறைப்பான ஷாஃப்ட் (தண்டு), 46 அங்குல நீளம். கடையில் திரை முன்னால் நின்று பதினைந்து பந்து அடித்தேன், அதில் ஒன்று 262 யார்டு போனதாகத் திரை காட்டியது, அந்த ஒரு எண்ணுக்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற பதினாலு பந்து எங்கே போனது என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பதினாலு பந்தைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. இன்று பெரிய கம்பெனியின் புது டிரைவர் ஒன்று அரை லட்சத்தைத் தொட்டுவிடுகிறது, அதனால் கீழே உள்ள படிகளைப் பொறுமையாகச் செய்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். நான் வலது கைக்காரர்களுக்காக எழுதுகிறேன், இடது கை ஆட்டக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

படிகளுக்கு முன்னால் ஒரு விஷயம்

"இந்த வருஷ மாடல் இருபது யார்டு கூடப் போகும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிரைவரின் முகம் பந்தை எவ்வளவு துள்ளலோடு திருப்பித் தரலாம் என்பதற்கு விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது. தலையின் அளவுக்கும் வரம்பு உண்டு, 2004 முதல் 460 கன சென்டிமீட்டர். நீளத்துக்கு 48 அங்குலம், தொழில்முறைப் போட்டிகளில் 2022 ஜனவரியிலிருந்து 46 என்று தனி விதி போட்டுக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் எல்லாமே துள்ளல் வரம்பை எப்போதோ தொட்டுவிட்டன. முகத்தின் நட்ட நடுவில் பட்டால் ஐந்து வருஷப் பழைய டிரைவருக்கும் நேற்று வந்ததற்கும் இடையில் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் எல்லாம் நடுவில் படாதபோதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். உங்கள் டிரைவர் மணிக்கு 90 மைல் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பட்டால் பந்து அதைப்போல் 1.48 மடங்கு வேகத்தில் கிளம்பும், அதாவது 133 மைல். ஓரத்தில் பட்டு அந்த மடங்கு 1.38 ஆகக் குறைந்தால் 124 மைல். பந்தின் வேகத்தில் ஒரு மைல் என்பது தோராயமாக இரண்டு யார்டு, ஆக பதினெட்டு யார்டு அங்கேயே போய்விட்டது. இப்போது கொஞ்சம் குட்டையான டிரைவரால் வேகம் 89 மைலுக்கு இறங்கினாலும் நடுவுக்குக் கிட்டத்தில் பட்டு மடங்கு 1.45 வந்தால் பந்து 129 மைலில் போகும். வேகம் குறைந்தும் தூரம் கூடிவிட்டது. தூரம் வேண்டுமா, நேராகப் போக வேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துக் கேட்பது தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சரியாக இருக்கலாம். பத்துக்கு நாலு தடவை நடுவில் அடிக்கிறவருக்கு இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன.

முதல் படி: மூன்று ரவுண்டு எழுதி வையுங்கள்

இப்போது கையில் இருக்கும் டிரைவரோடு மூன்று ரவுண்டு ஆடி, ஒவ்வொரு டீ ஷாட்டும் எங்கே விழுந்தது என்று ஸ்கோர் கார்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். இடமா, வலமா, ஃபேர்வேயா (நடுவில் புல் வெட்டிய பாதை), மரத்துக்குள்ளா, ஓபியா (எல்லைக்கு வெளியே). தூரத்தை எழுத வேண்டாம். நாற்பது பந்துக்கு மேல் சேர்ந்ததும் பார்த்தால் ஒரு படம் கிடைக்கும்.

தப்பு எல்லாம் ஒரே பக்கம் போயிருந்தால் நல்ல செய்தி. எல்லாம் வலது பக்கம் வளைந்தால் இடது ஓரத்தைப் பார்த்து நின்றுகொள்ளலாம், டிரைவரின் அமைப்பாலும் அதைப் பாதி சரிசெய்யலாம். ஒரு பந்து இடது, அடுத்தது வலது என்று இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் எந்த ஓரத்தைப் பார்த்து நிற்பது? அப்படிப்பட்டவர் கடைக்குப் போகும் முன் கோச்சிடம் இரண்டு பாடம் எடுத்துக்கொள்வது நல்லது, அந்தச் செலவு டிரைவரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரஃப்பில், அதாவது ஓரத்து உயரப் புல்லில், விழுந்த பந்தும் ஓபி போன பந்தும் ஒன்றல்ல. ரஃப்பில் விழுந்தால் அரை ஸ்ட்ரோக் (அடி) போகலாம், ஓபி என்றால் பெனால்டியும் வாங்கி அதே இடத்திலிருந்து மறுபடியும் அடிக்க வேண்டும். ஃபேர்வேயை எத்தனை முறை தவறவிட்டீர்கள் என்பதைவிட ரவுண்டுக்கு எத்தனை ஓபி என்பதைத்தான் நான் முதலில் எண்ணுவேன்.

இரண்டாம் படி: முகத்தில் எங்கே படுகிறது?

இதற்கு மைதானம்கூட வேண்டாம். ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்தில் பழம் காய வைக்கிற களம் ஒன்று இருக்கிறது, அறுவடை முடிந்து மார்ச்சுக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும். அங்கே இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கிரிக்கெட் வலையை இரண்டு அடுக்காகக் கட்டி, முன்னால் தேங்காய் நார் மிதியடி போட்டு அடிப்போம். மொட்டை மாடியில் கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டு ஜன்னலை நினைத்து வலையை மேலேயும் மூட வேண்டும்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் பட்டாணி அளவு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தைப் பார்க்கும்படி டீ என்கிற சின்ன முளையில் வைத்து அடியுங்கள். பட்ட இடத்தில் மை ஒட்டியிருக்கும். செல்போனில் ஒரு படம், துணியால் ஒரு துடைப்பு, அடுத்த பந்து. இருபது பந்து போதும், ஆனால் பத்து அடித்துவிட்டு கால் மணி நேரம் உட்காருங்கள், களைத்த பிறகு அடிக்கிற பந்து வேறு கதை சொல்லும்.

மை சொல்வதை எப்படிப் படிப்பது? டிரைவரில் பந்து நடுவை விட்டுப் பட்டால் தலை திரும்பும், அதோடு உரசும் பந்து பல்சக்கரம் போல எதிர்ப்பக்கம் சுழலும். குதிப் பக்கம், அதாவது ஷாஃப்டுக்குக் கிட்டத்தில் பட்டால் பந்து வலது பக்கம் வளையும். நுனியில் பட்டால் இடது பக்கம். முகத்தின் மேல் பாதியில் பட்டால் உயரமாகக் கிளம்பிச் சுழற்சி குறையும், கீழே பட்டால் தாழக் கிளம்பிச் சுழற்சி கூடும், தூரம் சாகும். என் இருபதில் பதிமூன்று குதிப் பக்கம் இருந்தது. என் ஸ்லைஸுக்கு, அதாவது பந்து வலது பக்கம் வளைவதற்கு, ஸ்விங்தான் காரணம் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிக் காரணம் நீளமான ஷாஃப்டால் நான் பந்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் படி: நீளம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடையில் தொங்குகிற டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 முதல் 46 அங்குலம் வரை இருக்கும். நீளம் கூடினால் வேகம் கூடும், விளம்பரத்தில் தூரம் கூடும். ஆனால் அமெரிக்க டூரில் தினமும் ஆயிரம் பந்து அடிக்கக் கூடியவர்கள் சராசரியாக 45 அங்குலத்துக்கும் கீழேதான் வைத்திருக்கிறார்கள். டைகர் உட்ஸ் 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்த காலத்தில் அவர் பையில் இருந்த டிரைவர் 43.5 அங்குலம், அதுவும் ஸ்டீல் ஷாஃப்ட். மாதம் ஒரு ரவுண்டு ஆடுகிற நாம் அவரைவிட இரண்டு அங்குலம் நீளமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேராக அடிக்கப் பார்க்கிறோம்.

எனக்கு இதை முதலில் சொன்னவர் கோயம்புத்தூரில் பை தூக்க வந்த வயதான கேடி. ஐந்தாவது ஹோலில் மூன்றாவது பந்தையும் மரத்துக்குள் விட்ட பிறகு, "சார், ஸ்டிக்க ரெண்டு வெரக்கடை எறக்கிப் புடிச்சு அடிங்க, போறது போவுது" என்றார். அடித்தேன், பந்து ஃபேர்வேயில் இருந்தது. தூரம் அவ்வளவு குறையவும் இல்லை.

அதையே முறையாகச் செய்து பாருங்கள். கிரிப்பின் மேல் முனையிலிருந்து ஒரு அங்குலம் கீழே இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, கை அதற்கு மேலே போகாமல் பிடித்து மறுபடி இருபது பந்து மார்க்கர் சோதனை செய்யுங்கள். மைப்புள்ளிகள் நடுவை நோக்கி நெருங்கினால் உங்களுக்குக் குட்டை டிரைவர் ஒத்துக்கொள்கிறது. அடுத்து ஒன்றரை அங்குலமும் பாருங்கள். ஒரு அங்குலம் குறைத்தால் தலையின் வேகம் மணிக்கு ஒரு மைல் அளவுக்குக் குறையலாம், நல்ல அடியில் இரண்டு மூன்று யார்டு, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது முதல் கணக்கில் பார்த்த பதினெட்டு யார்டில் ஒரு பெரும் பகுதி.

ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் 45.25 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற எல்லாரும் 44.5ல் ஆரம்பித்துப் பாருங்கள் என்பது என் கருத்து.

நான்காம் படி: லாஃப்ட்

9 டிகிரி வைத்திருந்தால் நல்ல ஆட்டக்காரர் என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பந்து வளைவதற்குக் காரணம் அதன் சுழற்சி அச்சு ஒரு பக்கம் சாய்வது. முகமும் ஸ்விங் போகும் பாதையும் ஒரே அளவு விலகினாலும், லாஃப்ட் குறைந்த டிரைவரில் அச்சு அதிகமாகச் சாயும், லாஃப்ட் கூடியதில் குறைவாகச் சாயும். 3-வுட் (டிரைவரைவிடக் குட்டையான, லாஃப்ட் கூடிய மட்டை) நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது என்று சொல்கிறவர்களுக்குப் பதில் பாதி இதில் இருக்கிறது, மீதி ஷாஃப்ட் நீளத்தில்.

90 மைல் வேகத்துக்கு 10.5 அல்லது 12 டிகிரி. 80க்குக் கீழே என்றால் 12க்குக் குறையவே வேண்டாம், நம் வீட்டுப் பெரியவர்கள் ஆடுவதாக இருந்தால் 13 டிகிரி கிடைத்தாலும் எடுக்கலாம். 105க்கு மேல் ஸ்விங் செய்கிற இளைஞர்கள் 9ஐ யோசிக்கட்டும். கழுத்தில் திருகி மாற்றுகிற ஸ்லீவ் இருந்தால் ஒன்றரை டிகிரி வரை மேலே கீழே போகலாம், ஆனால் லாஃப்டைக் கூட்டினால் முகம் கொஞ்சம் மூடிக்கொள்ளும் (இடது பக்கம் பார்க்கும்), குறைத்தால் திறந்துகொள்ளும் (வலது பக்கம் பார்க்கும்). ஸ்லைஸ் அடிக்கிறவருக்குக் கூட்டுவது இரண்டு விதத்திலும் உதவி, பந்தை இடது பக்கம் வளைக்கிற ஹூக் அடிக்கிறவர் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: தலை

கம்பெனிகள் ஒரே பெயரில் மூன்று நான்கு வகை விடுகின்றன, அதில்தான் குழப்பம். எடையை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்தால் சுழற்சி குறையும், பந்து உருண்டு ஓடும், ஆனால் ஓரத்தில் பட்டால் தலை சட்டென்று திரும்பிவிடும். எடையைப் பின்னால் தள்ளி வைத்தால் தலை திரும்புவதற்கு அடம் பிடிக்கும், பந்து உயரக் கிளம்பும், சுழற்சி கொஞ்சம் கூடும், ஓர அடியும் பாதை தவறாமல் போகும். 2024ல் வந்த பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் இரண்டும் இந்த இரண்டாவது ஜாதி. பெயரில் எல்எஸ், எல்எஸ்டி என்று வருவன முதல் ஜாதி, பெயரைப் பார்த்தே ஒதுங்கலாம். 10கே, அதாவது பத்தாயிரம், என்பதைப் படித்து மயங்கவும் வேண்டாம், தலை பக்கவாட்டில் திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்புக்கு விதி 5,900 (கிராம்-சதுர சென்டிமீட்டரில்) என்று வரம்பு வைத்திருக்கிறது, அதோடு மேல்கீழ் எதிர்ப்பையும் கூட்டிச் சொல்லும் எண் அது.

முதல் படியில் உங்கள் தப்பு எல்லாம் வலது பக்கம் என்று தெரிந்திருந்தால், குதிப் பக்கம் எடை வைத்து, பந்தை இடது பக்கம் வளைக்க உதவுகிற டிரா வகையைக் கேட்டு வாங்குங்கள். முகம் பார்க்கும் திசையில் ஒரு டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை. முகம் ஒரு டிகிரி திறந்திருந்தால் 230 யார்டில் நாலு யார்டு விலகல், நாலு டிகிரி என்றால் பதினாறு, அதற்கு மேல் வளைவு வேறு. ஃபேர்வேயின் அகலமே முப்பது முப்பத்தைந்து யார்டுதான்.

ஷாஃப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர், எஸ் என்கிற எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு கம்பெனியின் எஸ் இன்னொன்றின் ஆர் போல வளையும். எழுத்தைவிட எடையைக் கேளுங்கள். 50லிருந்து 65 கிராமுக்குள் இரண்டை அடித்துப் பார்த்து, கடைசி ஐந்து பந்திலும் கை களைக்காமல் ஒரே தாளத்தில் வருவது எதுவோ அதை எடுங்கள்.

ஆறாம் படி: அடித்துப் பார்க்கும் நாள்

இதற்குப் பெங்களூரு போவதுதான் நமக்கு வழக்கம், அதில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பந்து கூடப் போகும். சென்னையில் 230 போகிற அடி அங்கே எட்டு யார்டு கூடக் காட்டும், வளைவும் கொஞ்சம் குறையும். ஏற்காடு 1,500 மீட்டர், ஊட்டி 2,200க்கு மேல், அங்கெல்லாம் இன்னும் அதிகம். ஆகவே வெளியில் அடித்துப் பார்த்தால் தூர எண்ணை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு டிரைவருக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய டிரைவரையும் நீங்கள் ஆடுகிற பந்தையும் கொண்டுபோங்கள். பழையதில் நாலு, புதியதில் நாலு என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வரும் வரை அடியுங்கள். ஒரே டிரைவரில் தொடர்ந்து அடித்தால் பத்தாவது பந்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும். எந்த அடியையும் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது, "அது சும்மா, விடுங்க" என்று கடைப்பையன் அழித்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். மைதானத்தில் யாரும் அழித்துத் தர மாட்டார்கள்.

எழுத வேண்டியவை இரண்டு: பன்னிரண்டின் சராசரி தூரம், இடக்கோடிப் பந்துக்கும் வலக்கோடிப் பந்துக்கும் இடையில் உள்ள அகலம். புதியது சராசரியில் எட்டு யார்டு குறைந்து அகலம் இருபது யார்டு சுருங்கினால் யோசிக்காமல் எடுங்கள். அகலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் தூரம் போவதை எடுங்கள், அங்கே தூரத்தை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்களை அலசியபோது, குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுகிற புட்டிங்கைவிட நீண்ட அடிகளில்தான் ஆட்டக்காரர்களுக்கு இடையே அதிக வித்தியாசம் வருகிறது என்று தெரிந்தது. தூரம் மதிப்புள்ளதுதான். இருந்தாலும் பெங்களூரில் பிறந்த அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பின்னால் நின்று, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவது வந்ததைப் பார்த்தவன் நான். பந்து எங்கே விழும் என்று தெரிந்து ஆடுவது எவ்வளவு பெரிய பலம் என்பது அந்த நாலு நாளில் எனக்குப் புரிந்தது.

செட்டிபாளையத்தில் ஆடுகிறவர்கள் ஆடிக் காற்றையும் கணக்கில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து வருகிற காற்று எதிரில் அடிக்கும்போது சுழற்சி அதிகமான பந்து மேலே ஏறி நின்று கீழே விழும். அதற்காக லாஃப்ட் குறைந்த டிரைவர் வாங்க வேண்டாம், டீயை அரை அங்குலம் தாழ்த்தி, பிடியை இறக்கி, முக்கால் ஸ்விங் போதும். உங்கள் பந்தின் சுழற்சி நிமிஷத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டுவதாகத் திரை காட்டினால் மட்டும் சுழற்சி குறைந்த அந்த முதல் ஜாதித் தலையைக் கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: வாங்கிய பிறகு

நான் கடைசியில் புதியது வாங்கவில்லை, பழைய ஒன்றை வாங்கினேன்: 10.5 டிகிரி, பின்னால் எடை உள்ள தலை. பழையது வாங்குவதானால் முகத்தில் விரல் நகத்தை ஓட்டி விரிசல் இருக்கிறதா பாருங்கள், தலையை ஆட்டி உள்ளே ஏதாவது உருள்கிறதா கேளுங்கள், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டை 44.5 அங்குலத்துக்கு வெட்டினேன். கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும், தலைப் பக்கம் தொடவே கூடாது. வெட்டுகிற இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, நுண்ணிய பல் உள்ள ரம்பத்தால் மெதுவாக, ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி வெட்டினால் நார் பிரியாது. தூசியை மூச்சில் இழுக்காமல் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் வெட்டினால் தலை கையில் காற்றுப் போல லேசாகத் தெரியும், ஸ்விங்கில் தலை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். அதை முழுதாகச் சரிசெய்யத் தலையில் சுமார் பன்னிரண்டு கிராம் ஏற்ற வேண்டும், எனக்கு எட்டே போதுமாக இருந்தது. ஈய டேப்பை வாங்கிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். வெள்ளி நிறுக்கிற தராசு, மில்லிகிராம் வரை காட்டும். இரண்டு கிராம் துண்டுகளாக நறுக்கி நிறுத்துக் கொடுத்தார். "எதுக்குத் தம்பி இது?" என்று கேட்டவர், நான் சொல்லி முடித்ததும் தலையைக் கையில் வாங்கி, குதிப் பக்கம் விரலை வைத்து, "இங்க ஒட்டுனா இந்தப் பக்கம் மெதுவா வரும், அந்த மொன முந்திக்கும், அதான?" என்றார். அதேதான். இரண்டு துண்டு குதிப் பக்கம், இரண்டு துண்டு பின்னால் ஒட்டினேன்.

நீங்களும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டிவிடாதீர்கள். இரண்டு கிராம் ஒட்டி மார்க்கர் சோதனை, அப்புறம் இன்னும் இரண்டு. மைப்புள்ளிகள் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் பாதிக்கு மேல் விழ ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, ஸ்லீவ் இருந்தால் திருகி இறுக்கி, அமைப்பை ஒரு சீட்டில் எழுதி பையின் உள்ளறையில் வைத்துவிடுங்கள். அதன்பின் ஆறு ரவுண்டு எதையும் தொடக் கூடாது. ஒரு மோசமான காலைக்காக ஸ்லீவ் திருகுகிற சாவியைக் கையில் எடுக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, அதனால் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். ஆறு ரவுண்டு முடிந்ததும் ஸ்கோர் கார்டுகளின் பின்பக்கத்தை எடுத்து, முதல் படியில் எழுதியவற்றோடு பக்கத்தில் வைத்து ஓபிகளை எண்ணுங்கள். எனக்கு ரவுண்டுக்கு நாலாக இருந்தது ஒன்றாகியிருந்தது.